வேட்டி, பட்டர் பேப்பர், பசுமைக்குடில் தாள்: மலைப் படப்பிடிப்பில் ஒளியை மென்மையாக்கும் மலிவான வழிகள்

குன்னூர் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம், காலை பத்தரை மணி. வானம் கழுவித் துடைத்ததுபோல இருக்கிறது. நடிகையின் மூக்கு நிழல் மேலுதட்டின்மீது கோடு போட்டதுபோல விழுகிறது. கண்குழிகள் இரண்டும் கருத்துக் கிடக்கின்றன. கால் மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறி வருகிறது. அதே முகம், அதே இடம். இப்போது நிழலைத் தேட வேண்டியிருக்கிறது. சூரியன் மாறவில்லை. அதற்கும் முகத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று புகுந்துகொண்டது, அவ்வளவுதான்.

அந்த வெள்ளையை நாமே வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் கொண்டுபோய் நிறுத்துவதைத்தான் படப்பிடிப்பில் டிஃப்யூஷன் என்கிறார்கள். அதற்கென்றே தயாரித்து விற்கும் தாள்களும் துணிகளும் இருக்கின்றன. நல்லவைதான், விலையும் நன்றாகவே இருக்கும். குறும்படமோ கல்லூரிப் படமோ எடுக்கிறவர்கள் அதில் முக்கால்வாசி வேலையை ஜவுளிக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைப்பதை வைத்தே முடித்துவிடலாம். ஆனால் எந்தப் பொருள் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். பலர் பணத்தை வீணாக்குவது அங்கேதான்.

மென்மை எங்கிருந்து வருகிறது

நிழலின் ஓரம் கூர்மையாக நிற்குமா, கரைந்துபோகுமா என்பது ஒரே விஷயத்தைப் பொறுத்தது: முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? சூரியன் நமக்கு வானத்தில் அரை டிகிரி அகலம்தான். முழுநிலவும் ஏறத்தாழ அதே அளவு. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் நகமே நிலவை மறைத்துவிடும். அவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து வருவதால்தான் வெயில் நிழல் அத்தனை கறாராக இருக்கிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது.

கணக்கு எளிது. துணியின் அகலத்தை முகத்துக்கும் துணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, நிழல் விழவைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள இடைவெளியால் பெருக்குங்கள். நிழலின் ஓரம் எவ்வளவு மங்கும் என்பது கிடைக்கும். மூக்கு நுனி கன்னத்திலிருந்து 2 செ.மீ. விலகி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நேர்வெயிலில் ஓரம் மங்குவது 0.2 மி.மீ. மட்டும். 4 அடிச் சதுரத் துணியை 4 அடி தூரத்தில் நிறுத்தி அதன் வழியே ஒளியை அனுப்பினால் 2 செ.மீ.; நிழல் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. அதே துணியை 12 அடிக்குத் தள்ளினால் 7 மி.மீ.க்கும் குறைவு. துணி அதேதான், மென்மை மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே மனத்தில் வைக்க வேண்டிய அளவு: துணி எவ்வளவு அகலமோ, முகம் அதற்குள்ளான தூரத்தில் இருக்கட்டும். 4 அடித் துணி என்றால் 4 அடி. கேமரா சட்டகத்துக்குள் துணி வந்துவிடுகிறதா? அதன் விளிம்பு தெரியும்வரை உள்ளே தள்ளி, பிறகு ஒரு கையகலம் பின்னால் இழுங்கள். அதுதான் அதன் இடம்.

விளக்கின் வாயிலேயே பட்டர் பேப்பரை ஒட்டிவிட்டு, ஏன் நிழல் இன்னும் கத்திபோல இருக்கிறது என்று குழம்புவதை அடிக்கடி பார்க்கலாம். 6 அங்குல வாயில் தாளை ஒட்டினால் கிடைப்பது 6 அங்குல விளக்குதான். வெளிச்சம் குறைந்தது மட்டுமே லாபம், அதுவும் லாபமல்ல. விளக்குக்கும் துணிக்கும் இடையே தூரம் வேண்டும். 60 டிகிரி விரியும் எல்.இ.டி. விளக்கு 4 அடி அகலத்தை நிரப்ப ஏறக்குறைய மூன்றரை அடி பின்னால் நிற்க வேண்டும். ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டர் கிண்ணத்தைக் கழற்றிவிட்டால் 120 டிகிரிவரை விரியும்; அப்போது ஒன்றரை அடியே போதும்போலத் தோன்றும், ஆனால் நடுவில் பளிச்சென்ற வட்டம் விழுந்து ஓரங்கள் மங்கலாகக் கிடக்கும். அதற்கும் இரண்டரை, மூன்று அடி கொடுங்கள்.

இதைச் சோதிக்க ஒளியளக்கும் மீட்டர் வேண்டாம். நடிகர் நிற்கும் இடத்தில் செல்போனை வைத்துத் துணியைப் படமெடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, நன்றாகக் குறையுங்கள். துணி முழுவதும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் துணிதான் விளக்கு. நடுவில் விளக்கின் உருவம் தனியாக ஒளிர்ந்தால், உங்களிடம் இருப்பது பாதி மென்மை, பாதி பழைய விளக்கு. விளக்கைப் பின்னால் தள்ளுங்கள். இடமில்லையென்றால் விளக்குக்கு அருகே மெல்லிய தாள் ஒன்று, அதற்கு 2 அடி முன்னால் துணி ஒன்று என இரண்டு அடுக்காக நிறுத்துங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கவிட்டால் அதே அளவு ஒளியை இழந்தும் இந்தப் பலன் வராது. இடைவெளியில்தான் ஒளி விரிகிறது.

எதை வாங்குவது

இனி வரும் அளவுகளில் 'ஸ்டாப்' என்று சொல்வது ஒளி பாதியாகக் குறைவதை. 1 ஸ்டாப் என்றால் பாதி, 2 ஸ்டாப் என்றால் கால். ஒப்பிட்டுப் பார்க்க, தொழில்முறையில் எல்லோரும் அளவுகோலாகக் கொள்ளும் லீ 216 என்ற தாள் ஒன்றரை ஸ்டாப் குடிக்கும். அதன் தம்பியான 250 முக்கால் ஸ்டாப். 251 மூன்றில் ஒரு ஸ்டாப்.

பட்டர் பேப்பர்தான் நம் ஊர் லைட்மேன்களின் நெடுநாள் தோழன். ஏறத்தாழ 1 ஸ்டாப் எடுக்கும், நன்றாகவே சிதறடிக்கும், கிழிந்தால் அழ வேண்டியதில்லை. டிரேசிங் பேப்பர் சுருள், 90 கிராம் தடிமன், ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப். ஜன்னலுக்கு இதைவிடச் சமமான பரப்பு வேறு கிடைக்காது. இரண்டுக்கும் மலையில் ஒரே எதிரி ஈரம். அதிகாலை ஊட்டியில் வெளியே கட்டிய தாள் அரை மணி நேரத்தில் பனியை உறிஞ்சி அப்பளம்போல நெளியும், டேப் பிடியை விடும், காற்றடித்தால் சடசடக்கும். வசனத்தை அங்கேயே பதிவு செய்கிறீர்கள் என்றால் இந்தச் சத்தமே காட்சியைக் கெடுத்துவிடும். தாளைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே துணிதான். துணி சத்தம் போடாது, மடித்தால் பையில் அடங்கும், வருடக்கணக்கில் உழைக்கும். மூன்று வகை போதும்.

மல் துணி மெல்லியது; முக்கால் முதல் 1 ஸ்டாப். வெயிலை முழுவதுமாக அடக்காது. நிழலின் கூர்மையை உடைத்துவிட்டு, திசையைக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். வெளிப்புறத்துக்கு முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். காரணம் பின்னால் வருகிறது.

வெள்ளை வேட்டி நடுத்தரம். நெசவைப் பொறுத்து ஒன்றரை முதல் 2 ஸ்டாப். நாலு முழ வேட்டி, துணியை இழுத்துக் கட்டும் 4 அடிச் சட்டத்துக்கு அப்படியே பொருந்தும் அகலம். இரண்டை நீளவாக்கில் தைத்தால் 8 அடி அகலம், 6 அடி உயரம். நடுவில் தையல் வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது முகத்தில் நிழலாக விழாது. கண்ணாடி அணிந்தவரின் கண்ணாடியில் மட்டும் கோடாகத் தெரியலாம். சுருக்கங்களுக்கும் அதே பதில்தான், இஸ்திரி போட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கரையை மட்டும் வெட்டிவிடுங்கள், குறிப்பாகச் சரிகைக் கரையை.

காடாத்துணி, அதாவது வெளுக்காத பருத்தி, 2 ஸ்டாப்புக்கு மேலேயே எடுக்கும். இயற்கையான மஞ்சள் சாயல் இருப்பதால் ஒளியும் வெதுவெதுப்பாக வரும். இது குறையல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று மெலிந்தது. மழைவிட்ட மறுநாள் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். நிழலுக்கு ஒளி கொடுப்பது அந்த நீல வானம்தான். வெயில்படாத கன்னம் குளிர்ந்து நீலம் பாய்ந்து தெரிவது அதனால். காடாத்துணி அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் ஒரே காட்சியில் ஒரு ஷாட்டுக்குக் காடா, அடுத்ததுக்கு வேட்டி என்று மாற்றினால் நிறம் தாவும்.

நிறம் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியைக் கொண்டுவராதீர்கள். கண்ணுக்குப் பளீர் வெள்ளையாகத் தெரியும், கேமராவில் முகம் நீலமாக வரும். சலவைப் பவுடரில் சேர்க்கும் வெண்மையூட்டிகளும் அப்படித்தான்: அவை புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்பவை, மலை உயரத்தில் வெயிலில் புற ஊதா சமவெளியைவிட அதிகம். புதுத் துணியை வெறும் சோப்பில் இரண்டு மூன்று முறை அலசி, கஞ்சியையும் மினுமினுப்பையும் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நனைந்த துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈர வேட்டி ஏன் உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது? உலர்ந்த துணியில் நூலிழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. இழையிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து இழைக்கும் தாவும்போதெல்லாம் ஒளி வளைந்து சிதறுகிறது. அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வளைவு குறைகிறது, ஒளி நேராக ஊடுருவிவிடுகிறது. அதாவது சாரலில் நனைந்த துணி ஒளியை அதிகமாக விடும், குறைவாக மென்மையாக்கும். காலையில் எடுத்த குளோசப்பும் சாரலுக்குப் பின் எடுத்ததும் ஒட்டாமல் போவதற்குப் பலமுறை இதுவே காரணம். ஒவ்வொரு அளவிலும் இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தில் மலையில் பருத்தி ஒரே இரவில் காயாது.

பிளாஸ்டிக் வகைகளில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பொருத்தமான ஒன்று உண்டு: பசுமைக்குடில்களுக்குப் போடும் பால்நிறத் தாள். கார்னேஷன் பூ வளர்க்கும் குடில்களில் பார்த்திருப்பீர்கள். 200 மைக்ரான் தடிமன், புற ஊதாவைத் தாங்கும்படி செய்தது, தண்ணீர் ஒட்டாது. செடிகளுக்கு நிழல் விழாமல் ஒளி பரவ வேண்டும் என்பதற்காகவே தயாரிப்பதால் நம் வேலைக்கும் உதவும். அரை ஸ்டாப் அளவே குடிக்கும். ஆனால் முழுச் சிதறல் கிடையாது. விளக்கின் உருவம் அதில் தெரியும். தெளிவான தாளும் பால்நிறத் தாளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்ளங்கையை ஒரு அடி பின்னால் பிடித்துப் பாருங்கள்; விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது வேண்டாம். குடிலில் இருந்து கழற்றிய பழைய தாள் சும்மாவே கிடைக்கலாம், பாசியும் மஞ்சளும் ஏறியிருக்கும். நிறத்தைச் சோதித்த பிறகே ஏற்றுங்கள். சொந்தக்காரர் அனுமதித்தால் குடிலுக்குள்ளேயே காட்சியை வைத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். மலையில் கிடைக்கும் மிகப் பெரிய சாஃப்ட்பாக்ஸ், அதாவது ஒளியை மென்மையாக்கும் பெட்டி, அதுதான்.

அதே குடில்காரர்கள் வைத்திருக்கும் நிழல்வலையை டிஃப்யூஷன் என்று நினைத்துவிடாதீர்கள். 50 சதவீத வலை 1 ஸ்டாப் குறைக்கும், 75 சதவீத வலை 2 ஸ்டாப். நிழலின் கூர்மை அப்படியேதான் இருக்கும். கொசுவலையும் அதே கதை. அவை ஒளியின் அளவைக் குறைப்பதற்கு. பச்சை வலை முகத்தில் பச்சையடிக்கும், கறுப்பு வலையே நல்லது.

யூடியூபில் வெளிநாட்டவர் எல்லோரும் ஷவர் கர்ட்டன் வாங்கச் சொல்கிறார்கள். உறைந்த கண்ணாடிபோன்ற வெள்ளைத் திரை கிடைத்தால் நன்றாகவே வேலை செய்யும். அதைத் தேடி அலையும் நேரத்தில் இரண்டு வேட்டி தைத்துவிடலாம் என்பது எங்கள் கட்சி.

தெர்மாகோல் ஊடுருவ விடும் பொருளல்ல, திருப்பியடிக்கும் பொருள். சின்ன அறையில் விளக்குக்கும் துணிக்கும் மூன்றடி இடமில்லையென்றால், விளக்கைத் தெர்மாகோல்மீதோ வெள்ளைச் சுவர்மீதோ திருப்பினாலே அந்தப் பரப்பு புது விளக்காகிவிடும். திறந்த மலைச்சரிவில் அதை எடுக்காமலிருப்பது நல்லது. ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் பலகை காற்றில் உடைந்தால் ஆயிரம் வெள்ளை மணிகள் புல்லில் சிதறும், பொறுக்கவே முடியாது. அங்கே வெள்ளைத் துணி சுற்றிய பிளைவுட் போதும்.

மலிவுத் துணியை நம்பலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் அரங்காகப் போட்டார்கள். முற்றத்தின் மேல் திறந்த வானிலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளி வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மீது அடித்துத் திருப்பினார்.

துணியைக் கீழே ஈரோட்டிலோ மதுரையிலோ வாங்கிக்கொண்டு ஏறுவது மலிவு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், மறந்ததை எடுத்துவர இன்னொரு வண்டியை வரவழைப்பதும் முன்போலச் சுலபமில்லை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதையும், சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டம், கயிறு, காற்று

4 அடிச் சட்டத்துக்கு 1 அங்குல பி.வி.சி. குழாய் 20 அடி நீளத்தில் ஒன்று, மூலைக்கு வளைந்த எல்போ இணைப்பு நான்கு, மூன்று வாயுள்ள டீ இணைப்பு ஒன்று. 4 அடித் துண்டுகள் மூன்று. நான்காவதை இரண்டாக வெட்டி நடுவில் டீயைப் பொருத்தினால் மிச்சமுள்ள 4 அடி கைப்பிடியாகும். எல்போக்களைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பிரித்துக் கட்டாக எடுத்துப்போகலாம். துணியின் நான்கு ஓரத்திலும் பாவாடை நாடா நுழைக்க மடித்துத் தைப்பதுபோல மடிப்பு வைத்து, ஒரு அடிக்கு ஒரு இடத்தில் நாடா கட்டுங்கள். பைண்டர் கிளிப் அவசரத்துக்கு உதவும், காற்றில் தெறிக்கும்.

6 அடிக்கு மேல் பி.வி.சி. தொய்ந்து வில்லாகும். அங்கே முக்கால் அங்குல அலுமினியச் சதுரக் குழாயோ, நேரான தைலமரக் கம்போ வேண்டும்.

காற்றைக் குறைத்து மதிப்பிட்டுத்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். மணிக்கு 30 கி.மீ. காற்று மலை உச்சியில் பெரிய காற்றே அல்ல. அது 4 அடிச் சட்டத்தை ஏறக்குறைய 6 கிலோ எடையளவு விசையோடு தள்ளும். 8 அடிச் சட்டமென்றால் 25 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஸ்டாண்டில் 7 அடி உயரத்தில் நிற்கும் 4 அடிச் சட்டத்தைக் கவிழவிடாமல் பிடிக்க, கால் விரிப்பு ஒன்றரை அடி என்றால், அடியில் 28 கிலோ வேண்டும். ஒரு 10 கிலோ மணல்மூட்டை போதும் என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து. மூட்டையைவிடக் கயிறு மேல்: சட்டத்தின் மேல் மூலைகளிலிருந்து காற்று வரும் பக்கமாக இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று, தரையில் முளையடித்துக் கட்டுங்கள். 8 அடிச் சட்டத்தை நான்கு பேர் நான்கு மூலையில் பிடிக்கட்டும். தொட்டபெட்டா மாதிரி திறந்த முகடுகளில் அப்படிப் பிடித்தும் அதை ஏற்றாதீர்கள். பள்ளத்துக்குள்ளோ மரவரிசைக்குப் பின்னாலோ காட்சியை நகர்த்துங்கள். காற்று கூடினால் முதலில் துணியை அவிழ்க்க வேண்டும், பிறகுதான் சட்டம்.

வெயிலுக்கு அடியில்

தலைக்கு மேல் கட்டும் பெரிய துணியை ஸ்கிம்மர் என்பார்கள். நீலகிரியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். கொடைக்கானலில் ஏப்ரலில் சில நாள் முன்னதாக, ஆகஸ்டில் சில நாள் பின்னதாக. கடிகாரத்தில் பார்த்தால் உச்சி 12 மணிக்கல்ல, ஏறத்தாழ 12.20-க்கு. அந்த நாட்களில் ஸ்கிம்மரின் நிழல் நேர் கீழே விழும். டிசம்பர் கடைசியிலோ உச்சியிலும் சூரியன் 55 டிகிரிதான் ஏறும். 8 அடி உயரத்தில் கட்டிய துணியின் நிழல் ஐந்தரை அடி வடக்கே தள்ளி விழும். ஆகவே நடிகர் நிற்குமிடத்துக்குத் தெற்கே அவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும். உச்சிநேரத்தை ஒட்டி நிழல் மணிக்கு 2 அடி நகரும், கால் மணிக்கு அரை அடி. நீண்ட வசனக் காட்சியில் தோள்மேல் திடீரென்று வெயில் பட்டை விழுவது அதனால்தான்.

இப்போது மல் துணி ஏன் முதலில் என்பதற்கு வருவோம். ஸ்கிம்மர் நடிகருக்கு மட்டும்தான் ஒளியைக் குறைக்கிறது. பின்னால் இருக்கும் மலைக்கு அல்ல. 2 ஸ்டாப் குடிக்கும் துணியைக் கட்டி முகத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால், வெயிலில் கிடக்கும் பின்னணி நாலு மடங்கு வெளிச்சமாகி வெளுத்துப்போகும். முகம் மாத்திரம் கூடாரத்துக்குள் இருப்பதுபோலத் தெரியும். மெல்லிய துணியில் இந்த வேறுபாடு சின்னது. தடித்த துணியே வேண்டுமென்றால் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள்: சோலைக்காட்டின் இருண்ட விளிம்பு, நிழல் விழுந்த சரிவு, பைன் மரத் தண்டுகள். வானம் சட்டகத்துக்குள் வராதபடி கேமராவைச் சற்று உயர்த்திக் கீழ்நோக்கி வைப்பதும் உதவும்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. இடுப்பளவு பச்சை, வெயிலைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பியடிக்கும். தாடைக்கு அடியில் பச்சை ஏறும். மேலே எவ்வளவு நல்ல துணி கட்டினாலும் இது போகாது. நடிகரின் முன்னால் செடிகளின்மேல், சட்டகத்துக்கு வெளியே, காடாத்துணி ஒன்றை விரித்துவிடுங்கள். கொழுந்தை மிதிக்காமல், ஒடிக்காமல்.

மேகம் இறங்கிவிட்டால் துணியைக் கழற்றிவிடலாம். எல்லாப் பக்கமும் ஒளி வரும்போது இன்னும் ஒரு வெள்ளை எதற்கு? அப்போது தேவைப்படுவது கறுப்பு. முகத்தின் ஒரு பக்கம் இரண்டு மூன்றடி தள்ளிக் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கத்து ஒளி குறைந்து மூக்கும் தாடையும் வடிவம் பெறும். வெயிலிலும் மேகத்திலும் மாறிமாறி ஒரே காட்சியை எடுக்க நேர்ந்தால், தூரக் காட்சிகளை மேகத்தில் முடித்துவிடுங்கள். குளோசப்புகளை வெயில் வந்த பிறகு வேட்டிக்கு அடியில் எடுத்து ஒட்டலாம். காடா வேண்டாம், மேக ஒளி நீலம் கலந்தது. தலைகீழாக, வெயிலில் எடுத்த தூரக் காட்சியோடு மேகத்துக் குளோசப்பை ஒட்டுவது நடக்காத காரியம்.

பங்களா அறைகளில்

பழைய மலைப் பங்களாக்களில் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் இருக்கும். வெயில் நேராக நுழைந்தால் தரையில் கட்டம் கட்டமாக விழும். டிரேசிங் பேப்பரை ஜன்னலில் பொருத்தினால் ஜன்னலே விளக்கு. 3 அடி அகல ஜன்னலென்றால் நடிகரை 3 அடிக்குள் உட்காரவையுங்கள். காலையில் கண்ணாடி வியர்த்திருக்கும், மாஸ்கிங் டேப் பிடிக்காது. துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள், அல்லது சட்டத்தில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நிறுத்துங்கள். பழைய மரத்தில் நேரடியாக டேப் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து வரும். ஜன்னலே காட்சியில் தெரிகிறதென்றால் தாளைக் கைவிட்டு, வெளியே சற்றுத் தள்ளி மல் துணியைக் கட்டுங்கள்.

வீட்டு எல்.இ.டி. பல்புகளைக் காகித உருண்டைக்குள் தொங்கவிடுவதும் நல்ல மலிவு வழி. மலிவான பல்புகள் சில மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். ஷட்டரைக் கோணமாகக் காட்டும் கேமராவில், நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் 1/50 என்பது 172.8 டிகிரி.

வெப்பம். எல்.இ.டி. வந்தபிறகு பலர் இதை மறந்தே விட்டார்கள். வாடகைக்குக் குறைவாகக் கிடைக்கிறதென்று இன்னும் 1000 வாட் ஹாலோஜன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதன்முன் புறங்கையை நீட்டுங்கள். எந்தத் தூரத்தில் கை தாங்கவில்லையோ அங்கே தாளோ துணியோ இருக்கக் கூடாது. பாலித்தீனும் பி.வி.சி.யும் முதலில் குழையும், நைலான் உருகிச் சொட்டும், பருத்தி கருகிப் புகையும், பட்டர் பேப்பர் பற்றிக்கொள்ளும். மரத்தளமும் மரக்கூரையும் உள்ள வீட்டில் அந்த விளக்கை எரியவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எல்.இ.டி.க்கு ஒரே நிபந்தனை: பின்னால் காற்றோட்டத் துளைகளைத் துணி மூடக் கூடாது.

அளந்து எழுதிவையுங்கள்

மேலே சொன்ன ஸ்டாப் அளவுகள் தோராயமானவை. உங்கள் கடைக்காரர் கொடுத்த வேட்டி வேறாக இருக்கும். செல்போன் கேமராவை மேனுவலில் போட்டு, நிறத்தைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 5600-இல் பூட்டி, ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வையும் மாறாமல் வைத்து, விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுங்கள். நடுவே துணியை நிறுத்தி, அதே வெளிச்சம் திரும்ப வரும்வரை ஷட்டரைக் குறையுங்கள். 1/200 இருந்தது 1/100 ஆனால் 1 ஸ்டாப், 1/50 ஆனால் 2. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் நிறச்சாயலும் தெரிந்துவிடும். வெள்ளைத் தாளின்மேல் ஒரு முட்டையையும் வைத்துக்கொண்டால் அதன் நிழலோரம் மென்மையைக் காட்டும்.

கிடைத்த எண்ணை அழியாத பேனாவால் துணியின் மூலையிலேயே எழுதுங்கள்: 'மல், முக்கால்', 'வேட்டி, 2, லேசான நீலம்'. காலை ஆறு மணிக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது எல்லாத் துணியும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.